பதிலுக்குக் காத்திருந்த ஜன்னல்

"எழுதிடுச்சு எழுதிடுச்சுன்றியேம்மா, எழுதினது எங்க கீது?"

காக்களூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அடித்துத் துண்டுகளாக்கும் ஒரு சின்ன பிரஸ் கம்பெனியில், ஒரு சனிக்கிழமை காலை, சூப்பர்வைசர் மணவாளன் ஏஞ்சலினைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தெருக் குழாயடியில் அவள் நடந்ததைச் சொன்னபோது, கேட்டுக்கொண்டு நின்ற எனக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் மதியம், மீன் குழம்பு கொதிக்கிற வாசனைக்கு நடுவில் பதில் கிடைத்தது. அதற்கு முன்னால் ஏஞ்சலின் யார், அவள் எழுதியது என்ன, யாருக்காக எழுதினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஏஞ்சலினின் அப்பா சின்னதுரை, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அடுத்தவர் வயலில் கூலிவேலை செய்தவர். வயல்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனி மதில்களுக்குள் போன பிறகு, லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடுமேனாக அவரும் மதிலுக்குள் போனார். மகள் அந்த வேலைப் பக்கமே வரக் கூடாது என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே திட்டம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்த்துவிட்டார். கம்ப்யூட்டர் என்றால் ஏசி அறை, ஏசி அறை என்றால் வெயில் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அங்கேதான் ஏஞ்சலின், கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் சி மொழியைப் படித்தாள். லேபில் முதலில் திறந்து காட்டியது படமோ நிறமோ இல்லாத ஒரு கறுப்பு ஜன்னல். டெர்மினல் என்றார்கள். அதில் எழுத்து மட்டும்தான் வரும். மற்றவர்களுக்கு அது சலிப்பாக இருந்தது. ஏஞ்சலினோ தான் எழுதிய நாலு வரி நிரல் ஓடி, அந்தக் கறுப்பில் தன் பெயர் வெள்ளையாக வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் தன் சொல் அங்கே நிற்கும் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அவள் அதிகம் பேசுகிறவள். சொன்னது காற்றில் போகாமல் ஓர் இடத்தில் நிற்பதை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை.

டிப்ளமா முடித்ததும் வேலை கிடைத்தது, ஆனால் கம்ப்யூட்டரில் இல்லை. காக்களூர் கம்பெனியில் பிரஸ்ஸிலிருந்து வந்து விழுகிற இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரிக்கிற மேஜை. கார் கதவுக்குள் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் துண்டுகள் அவை. வேலையைச் சொல்லிவிட்டது அத்தை மகன் அன்பு. அவன் அங்கே பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் ஊர்ச் சர்ச்சில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. காக்களூரில் எங்கள் தெருவிலேயே ஒரு வீடு பார்த்துக் குடி வந்தார்கள்.

பிரஸ் கூடத்தில் பேச முடியாது. தகட்டைக் கீழ் அச்சின்மேல் தள்ளினால் மேல் அச்சு இறங்கி ஒரே அடி. அந்த அச்சுக்கு டை என்று பெயர். வரிசையாகப் பிரஸ்கள் அடித்துக்கொண்டே இருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் அங்கே எல்லாம் கைஜாடை. கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்தால் டீ. மேலுதட்டில் மீசையைத் தடவினால் மணவாளன் வருகிறார். மணவாளனுக்கு அது தெரியும். தெரியாததுபோல, மீசையைத் தடவிக்கொண்டே வருவார்.

ஆனால் மணவாளன் ஜாடை காட்ட மாட்டார். அவரிடம் விசில் இருந்தது. நீளமாக ஊதினால் பிரஸ்ஸை நிறுத்து, விட்டுவிட்டு ஊதினால் டையை மாற்று, சின்னதாக ஒரு ஊது என்றால் இங்கே வா. காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான்களைக் கம்பெனி கொடுத்திருந்தது. யாரும் வைப்பதில்லை. வைத்தால் விசில் கேட்காது. விசிலைக் கேட்பதற்காகக் காதைத் திறந்து வைத்து, கடைசியில் விசிலே கேட்காத காதாக ஆக்கிக்கொண்ட ஆட்களில் அன்புவும் ஒருவன்.

முதலில் கண்டுபிடித்தது ஏஞ்சலின்தான்.

"மாமா, சாயந்திரம் மீன் வாங்கவா, கறி வாங்கவா?"

"சரி."

"இன்னா சரி? மீனா, கறியா?"

"அதான் சரின்றேன்ல."

கொஞ்ச நாள் அவள் இதைக் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டாள். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போறேன், திரும்பி வர மாட்டேன்," என்று சாதாரணக் குரலில் சொல்லிப் பார்த்தாள். அவன் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காது கேட்கவில்லையா என்று கேட்டால் மறைப்பான் என்று தெரியும். அதனால் அவளும் கேட்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே நின்று பேசப் பழகிக்கொண்டாள். அவனும் அதைக் கவனித்திருப்பான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

கம்பெனிக்கு அது தெரிந்தது ஒரு புதன்கிழமை. அன்புவின் பிரஸ்ஸில் தகடு கோணலாக மாட்டியதைத் தூரத்திலிருந்து பார்த்த மணவாளன் நீளமாக விசில் ஊதினார். அன்பு திரும்பவில்லை. மறுபடி ஊதினார். மேல் அச்சு இறங்கியது. டையின் ஒரு மூலை உடைந்து, துண்டு பறந்துபோய் சுவரில் அடித்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றே அன்புவை டாக்டரிடம் அனுப்பினார்கள். இரைச்சலில் போன காது, இனி திரும்பாது என்று அவர் சொல்லிவிட்டார்.

மணவாளன் பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. அன்புவைத் தோளில் கை போட்டுத்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"நைனா, உன்மேல கோவம் இல்ல. விசில் கேக்காதவனை பிரஸ்ல நிறுத்தி நாளைக்கு கை போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? திங்கக்கிழமையிலருந்து லோடிங்குக்குப் போய்டு."

அன்பு, "சரி," என்றான். இந்த முறை அவனுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. லோடிங் வேலை கேவலம் என்று அவன் நினைக்கவில்லை, மாமனாரே அதில்தான் இருந்தார். ஆனால் ஒரு புது டையைப் பார்த்தவுடன் அது எங்கே இறுகும், எங்கே நழுவும் என்று சொல்லுகிற ஆள் அவன். அந்தக் கூடத்தில் அவனை அன்பு என்று கூப்பிடுவதைவிட மூணாம் நம்பர் பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அது போய்விட்டால் தான் யார் என்பதுதான் அவனை உறுத்தியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் ஏஞ்சலினால் அவனோடு பேச முடியாது.

ஏஞ்சலின் மறுநாள் மணவாளனின் மேஜைக்குப் போனாள். கூடத்தின் நடுத்தூணில், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு நேர் எதிரே ஒரு பழைய திரை மாட்டியிருந்தது. எத்தனை துண்டு அடித்தாகிவிட்டது என்ற கணக்கு அதில் ஓடும். அவள் லேபில் பார்த்த அதே கறுப்பு ஜன்னல், அதே வெள்ளை எழுத்து. சி மொழியில் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நிரல்.

"சார், உங்க விசில் சொல்றதை அந்தத் திரையில எழுத வைக்கிறேன். காது எதுக்கு, கண்ணு நல்லாத்தானே கீது அவருக்கு."

பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் ஆசீர்வாதம் குறுக்கே வந்தார். "இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ பேஜாரு? ஒரு செவப்பு லைட்டு மாட்டிட்டா வேலை முடிஞ்சுது."

"லைட்டு எரிஞ்சா இன்னா அர்த்தம்ணே? நிறுத்தறதா, டையை மாத்தறதா, டீக்குப் போறதா?"

ஆசீர்வாதம் யோசித்தார். "டீக்குன்னு நினைச்சுத்தான் எல்லாம் போவானுங்க," என்று ஒத்துக்கொண்டார். மணவாளன் மீசையைத் தடவினார். சனிக்கிழமை காட்டு, பார்க்கலாம் என்றார்.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்து எழுதினாள். கணக்கு ஓடும் ஜன்னலைத் தொடாமல், அதற்குக் கீழே தனியாகச் செய்திக்கு ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலில் தமிழ் எழுத்துகள் உடைந்து உடைந்து வந்ததால், போனில் அனுப்புவதுபோல ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டாள். பரீட்சை பார்க்க வீட்டில் ஓர் ஆள்தான் இருந்தான்.

"மாமா, இங்க வா. எழுத்து வரும். படிச்சதும் ஏதாவது ஒரு கீயைத் தட்டு. தட்டினாத்தான் அடுத்தது வரும்."

அன்பு வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தான். 'அன்பு நிறுத்து' என்று வந்தது. தட்டினான். 'அன்பு டை மாத்து' என்று வந்தது. தட்டினான். 'அன்பு மூஞ்சிய நேரா வை' என்று வந்தது. கொஞ்ச நேரம் தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்துவிட்டான். புதன்கிழமைக்குப் பிறகு அதுதான் அவன் முதல் சிரிப்பு.

கம்பெனியில் தூணுக்குப் பக்கத்தில் கீபோர்டு கிடையாது. அதனால் கீயைத் தட்டும்வரை காத்திரு என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டாள். மணவாளன் மேஜையில் ஆசீர்வாதம் விசில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக மூன்று பட்டன் மாட்டி, கம்பியை இழுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தார்.

சனிக்கிழமை மணவாளன் முதல் பட்டனை அழுத்தினார். திரையில் கணக்கு தெரிந்தது. கீழே கறுப்பாக இருந்தது. மறுபடி அழுத்தினார். கறுப்பு. அன்பு பிரஸ்ஸில் கையை வைத்துக்கொண்டு அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏஞ்சலின் ஓடிப்போய்ச் சோதித்தாள். பட்டன் அழுத்தியது நிரலுக்குப் போயிருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாக ஜன்னலில் போடுகிற வரிகளும் ஓடியிருந்தன.

"எழுதிடுச்சு சார். நிஜமா எழுதிடுச்சு."

அப்போதுதான் மணவாளன், எழுதினது எங்க கீது என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். அடுத்த பிரஸ் ஓட்டுகிற தானியேல், "கண்ணுக்குத் தெரியாத மைல எழுதிக்கீது போல," என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். சத்தம் நின்றிருந்ததால் அது ஏஞ்சலினுக்குக் கேட்டது. அன்புவுக்குக் கேட்கவில்லை. ஆனால் சிரித்த முகங்களை அவன் பார்த்தான்.

"திங்கக்கிழமை லோடிங் நைனா," என்றார் மணவாளன், அன்புவின் முகத்தைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஏஞ்சலின் மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள்.

"திரும்ப இன்னாத்துக்கு அதை நோண்டிக்கினு கீற? விடு புள்ள," என்றான் அன்பு. "லோடிங்னா இன்னா, எனக்குக் கைகால் இல்லையா?"

அவள் அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "உனக்கு வேணாம்னா நீ போ. எனக்கு இது ஏன் வரலைன்னு தெரியணும்."

வீட்டில் எழுதிய பழைய நிரலை ஓட்டினாள். 'அன்பு நிறுத்து' என்று பளிச்சென்று வந்தது. கம்பெனிக்குக் கொண்டுபோன நிரலை ஓட்டினாள். கறுப்பு. பழையது, வந்தது. புதியது, கறுப்பு. அன்பு கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல மாமா. நீ கீயைத் தட்றதுக்குக் காத்துக்கினு இருக்கிற வரியை எடுத்துட்டேன். செய்தியைப் போடுற இடத்துல வேற ஒரு எழுத்துகூட மாத்தல."

"அப்ப நான் படிச்சேனா இல்லையான்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

"எதுக்குத் தெரியணும்? விசிலுக்கு மட்டும் தெரியுதா?"

"அதான் சொல்றேன்," என்றான் அன்பு. "விசில் ஊதிட்டு அவரு பாட்டுக்குப் போய்க்கினே இருப்பாரு. கேட்டுச்சான்னு ஒரு நாள் ஒருத்தரு கேட்டுக்கீறாங்களா? அன்னிக்கே யாராவது கேட்டிருந்தா, கேக்கலைன்னு சொல்லியிருப்பேன்ல."

ஏஞ்சலின் லேப்டாப் பக்கம் திரும்பினாள். தான் எடுத்துவிட்ட அந்த ஒரு வரியையே பார்த்தாள். பாலிடெக்னிக்கில் எப்போதோ படித்து மறந்தது மெல்ல ஞாபகத்துக்கு வந்தது.

விஷயம் இதுதான். அந்த மாதிரி ஜன்னலில் எழுத்தைப் போடு என்று சொன்னால், எழுத்து நேராகத் திரைக்கு வராது. முதலில் நினைவகத்தில் ஓர் ஓரத்தில் போய்ச் சேர்ந்து நிற்கும். இதுவரை எழுதியதைத் திரையில் காட்டு என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கட்டளையை ஏஞ்சலின் எழுதவே இல்லை. கணக்கு ஓடும் ஜன்னலுக்கு அதை எழுதியவர் போட்டிருந்தார், அதனால் அது தெரிந்தது. அப்படியானால் வீட்டில் மட்டும் செய்தி எப்படி வந்தது? ஒரு ஜன்னலில் கீயைத் தட்டும்வரை காத்திரு என்று சொன்னால், காத்திருப்பதற்கு முன்னால் அந்த ஜன்னலில் எழுதியதையெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே திரையில் காட்டிவிடும். பதில் கேட்கிறவன் கேள்வியைக் காட்டித்தானே ஆக வேண்டும். வீட்டில் எழுத்தைத் திரைக்குத் தள்ளியது, அன்புவுக்காகக் காத்திருந்த அந்த வரி. தேவையில்லை என்று அவள் எடுத்துப் போட்டதும் அதைத்தான்.

அவள் இதை அவன் முகத்துக்கு நேரே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்பு கடைசிவரை கவனமாகக் கேட்டான். பிறகு, "பாதி புரிஞ்சுது," என்றான்.

அவன் அப்படிச் சொன்னதே இல்லை. எப்போதும் சரி என்றுதான் சொல்லுவான். ஏஞ்சலினுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இத்தினி நாளா நான் பேசினதெல்லாம்?"

"பாதி கேட்டுச்சு. மீதிக்குச் சரின்னேன்."

"மீனா கறியான்னு கேட்டனே?"

"ரெண்டும் புடிக்கும். அதனால சரின்னேன்."

"ஏன் மாமா சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் எழுந்து ஓடினார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஏஞ்சலின் விட்டுப்போன கட்டளையைச் சேர்த்தாள். அது ஒரே ஒரு வரி. பிறகு அன்பு சொன்னதற்காக இன்னும் சிலவற்றை எழுதினாள். ஆசீர்வாதத்துக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து, பழைய பேனல் ஒன்றிலிருந்து கழற்றிய பச்சைப் பட்டனை மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் பக்கத்தில் மாட்டினார்.

"லாரி நிக்குது, அன்புவை அனுப்பு," என்றபடி மணவாளன் உள்ளே வந்தார். ஏஞ்சலின் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு தடவை."

"சனிக்கிழமையே பார்த்தாச்சேம்மா."

"சனிக்கிழமை எழுதினேன் சார், காட்டாம விட்டுட்டேன். தப்பு என்னுது. இன்னிக்குக் காட்டுவேன். அவரு பதிலும் சொல்வாரு."

"யாரு பதில் சொல்றது?"

"அன்பு. உங்க விசிலுக்கு இதுவரைக்கும் எவனாவது பதில் சொல்லிக்கீறானா சார்?"

மணவாளன் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துப் பார்த்தார். அவள் கேட்டது அவருக்குள் எங்கேயோ தைத்தது என்று நினைக்கிறேன். புதன்கிழமை ஊதிய அந்த இரண்டாவது விசில் அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அவர் மேஜைக்குப் போனார்.

பிரஸ்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தன. கூடம் அதிர்ந்தது. மணவாளன் பட்டனை அழுத்தினார்.

கணக்குக்குக் கீழே, கறுப்பில், வெள்ளையாக 'அன்பு நிறுத்து' என்று வந்தது. அன்பு பிரஸ்ஸை இயக்கும் மிதியிலிருந்து காலை எடுத்தான். பிரஸ் நின்றது. அவன் கையை நீட்டிப் பச்சைப் பட்டனைத் தட்டினான். செய்திக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் வந்து நின்றது: 'பார்த்தேன்'.

மணவாளன் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இங்கே வா என்ற பட்டனை அழுத்தினார். பார்த்தேன் என்று வந்தது, ஆளும் வந்தான். வந்தவனிடம் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. "போ, போய் வேலையைப் பாரு," என்று கையால் பிரஸ்ஸைக் காட்டினார். அது லாரி இருக்கும் பக்கம் இல்லை.

டீ நேரத்தில் தானியேல் ஏஞ்சலினின் மேஜைக்கு வந்தான். கிண்டலுக்குத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"என் பேரையும் அதுல போடும்மா."

"உனக்கு இன்னாத்துக்குண்ணே? நீதான் நல்லா கேக்கறியே."

"இன்னா?" என்றான் தானியேல்.

அவள் பேனாவை எடுத்தாள். அவன் பெயரை எழுதிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இப்போது அந்தக் கூடத்தில் எல்லோர் பக்கத்திலும் ஒரு பச்சைப் பட்டன் இருக்கிறது. விசிலைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாததால் எல்லோரும் காதில் ரப்பர் அடைப்பானை வைத்துக்கொள்கிறார்கள். அன்புவின் காது திரும்பாது. மற்றவர்களுக்கு மிச்சம் இருக்கிற காதாவது மிஞ்சும்.

வீட்டில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. ஏஞ்சலின் பேசுவாள். கேட்டிருந்தால் அன்பு பக்கத்தில் இருப்பது எதுவோ அதில், மேஜையோ தட்டோ அவள் தோளோ, ஒரு தட்டு தட்டுவான். தட்டாவிட்டால் அவள் மறுபடி சொல்லுவாள். எத்தனை தடவை என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

இதை வாசித்தவர்கள் இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள். எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுகிற ஒருவர் உங்கள் வீட்டிலோ கம்பெனியிலோ இருந்தால், முதலில் அவருக்குச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். சொல்லி முடித்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். அவர் ஒரு தட்டு தட்டுகிறவரை கூடவே இருங்கள்.